குஞ்சம்மாளின் கும்மி நிற்கும் இடம்

எங்கள் நங்கை எந்தப் பாத்திரத்தை இறக்கி வைத்தாலும், வைத்த பிறகு வலது கை ஆட்காட்டி விரலால் அதன் விளிம்பை ஒரு தரம் மெல்லத் தள்ளுவாள். சோற்றுப் பானை, தண்ணீர்க் குடம், அரிக்கேன் விளக்கு, எதுவானாலும் அப்படித்தான். பானை நகராது. நகர வேண்டிய அவசியமும் இருக்காது. சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்கிறாள் போலிருக்கிறது என்று முதலில் நினைத்துக்கொண்டேன். பிறகு ஒருநாள் என் மகளைத் தொட்டிலில் போட்டுவிட்டு, ஆடாமல் நின்ற தொட்டில் கயிற்றையும் அதே விரலால் அதே மாதிரி தள்ளினாள். கேட்கலாமா என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை. எனக்கு எதையும் சட்டென்று கேட்டுப் பழக்கமில்லை, பார்த்துக்கொண்டிருப்பேன். பார்த்துக்கொண்டே ஒன்பது வருஷம் போயிற்று.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். இவள் பெயர் குஞ்சம்மாள். எங்கள் அண்ணன் செங்கோடன் சூரமங்கலத்தில் ரயில் பாதைக் கூலியாக இருந்தான். அவனுடைய கூலிக் கூட்டத்துக்கு மேலே ஒரு துரை. கெல்லி துரை என்று பெயர். அந்த துரை வீட்டில் நங்கை ஐந்து வருஷம் வீட்டு வேலை செய்தாள். தண்டவாளக் கட்டை விழுந்து அண்ணன் கால் நசுங்கியதும், முப்பத்தொன்றாம் வருஷம், இருவரும் வெண்ணந்தூருக்கு மேற்கே எங்கள் ஊருக்கே திரும்பி வந்துவிட்டார்கள். ஒரு தகரப் பெட்டி, ஒரு செம்பு அண்டா, இரண்டு பாய். இவ்வளவுதான் வண்டியிலிருந்து இறங்கியது. கூடவே ஒரு மெட்டும் வந்தது. அது எங்கள் யாருக்கும் தெரியாது.

பங்குனியில் எங்கள் ஊர் மாரியம்மனுக்குக் கோயில் முன்னால் கம்பம் நடுவார்கள். நட்ட நாளிலிருந்து பதினைந்து நாளும் விளக்கு வைக்கும் நேரத்தில் பெண்கள் கம்பத்தைச் சுற்றிக் கும்மியடிப்போம். அப்போதெல்லாம் முத்தாயம்மாள்தான் முன்பாட்டுக்காரி. கனத்த குரல், ஆனால் மெதுவான பாட்டு. சின்னப் பெண்கள் நாலு சுற்றுக்குள் நழுவிப் போய்விடுவார்கள். நங்கை வந்த மறு வருஷம் முத்தாயம்மாளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. யாராவது பாடுங்களேன் என்று ஊரே கேட்டபோது, நங்கை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னே போனாள். அவள் பாடிய மெட்டு ஓடியது. சரிவில் இறங்குகிறவள் நிற்க முடியாமல் ஓடுவது போல இருந்தது. சொற்கள் அவளே கட்டியவை:

ஏரி மதகு திறந்ததடி – அங்கே
எட்டூருச் சனமும் நெறஞ்சதடி
கரையைத் தொட்டது தண்ணி – தண்ணி – தண்ணி
கையை நீட்டுங்கடி கன்னி

‘தண்ணி’ என்று வரும் இடத்தில் வட்டம் நின்றுவிடும். கால் எடுக்காமல் நின்ற இடத்திலேயே மூன்று தரம் கொட்டவேண்டும். மூன்றாவது கொட்டு முடிந்ததும் எல்லாரும் வலது கை ஆட்காட்டி விரலை முன்னே நீட்டவேண்டும். உடனே வட்டம் மறுபடி ஓடும். அந்த நிற்கும் இடத்துக்காகவே பெண்கள் வந்தார்கள். யார் தடுமாறி ஒரு அடி வைத்துவிடுகிறாள் என்று பார்த்துச் சிரிப்பதற்காக ஆண்களும் வந்தார்கள். விரல் நீட்டுவது அம்மனைக் காட்டுவது என்று நாங்களே ஓர் அர்த்தம் சொல்லிக்கொண்டோம். நங்கை ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

எட்டு வருஷம் இப்படி ஆடினோம். கால் போன புருஷனுடன் ஊருக்கு வந்து, அடுத்தவர் காட்டில் களை வெட்டிப் பிழைத்தவளுக்கு, பங்குனியில் அந்தப் பதினைந்து நாள்தான் தலை நிமிர்ந்து நிற்கும் நாள். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

முப்பத்தொன்பதாம் வருஷத் திருவிழாவுக்குக் குழந்தைவேல் என்று ஒருவர் வந்தார். சேலத்தில் சிறு பாட்டுப் புத்தகங்கள் அச்சடித்துத் திருவிழாக்களில் விற்பவர். கும்மியைக் கேட்டுவிட்டு நங்கையிடம் சொற்களை எழுதி வாங்கிக்கொண்டார். மெட்டு எங்கே பிடித்தது அம்மா என்று கேட்டார். நங்கைக்குப் பொய் சொல்ல வராது. சூரமங்கலத்தில் துரை வீட்டுப் பாட்டுப் பெட்டியில் கேட்டது என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த வருஷம் கம்பம் நடுவதற்குப் பத்து நாள் முன்னால் புத்தகம் ஊருக்கு வந்தது. மஞ்சள் அட்டை, பதினாறு பக்கம். கோயில் வாசலில் பெண்கள் கூடி, படி என்று என் கையில் கொடுத்தார்கள். மூன்றாவதுடன் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனாலும் அங்கே படிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள் எதையும் விட்டுவிடமாட்டார்கள். பாட்டுக்கு மேலே பொடி எழுத்தில் இருந்ததையும் சேர்த்துப் படித்துவிட்டேன்.

“வெண்ணந்தூர்க் கும்மி. மெட்டு, இங்கிலீஷ் நோட்டு.”

இங்கிலீஷ் நோட்டு என்றால் வெள்ளைக்காரன் மெட்டு என்று எல்லாருக்கும் புரிந்தது. முத்தாயம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள்.

“அப்ப இனிமே அம்மனுக்குப் பொங்கல் வேண்டாம். டீயும் பிஸ்கோத்தும் படைச்சுப் போடலாம்.”

அன்று சாயங்காலமே விஷயம் ஊர்க்கவுண்டர் தங்கசாமியிடம் போயிற்று. திருவிழாவை எடுத்து நடத்துபவர் அவர். இரண்டு வருஷமாக மழை சரியில்லை. அதையும் இதையும் முடிச்சுப் போட நாலு பேர் இருந்தார்கள். காங்கிரஸ் கொடி பிடித்த பையன்கள் வேறு, வெள்ளைக்காரன் பாட்டுக்கு நம் பெண்கள் ஆடுவதா என்று கேட்டார்கள். கவுண்டர் நங்கையைக் கூப்பிட்டு, எழுதியிருப்பது நிஜமா என்று கேட்டார். நிஜந்தானுங்க என்றாள்.

கூடவே போயிருந்த அண்ணன் ஊன்றுகோலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: “தண்டவாளத்தையுந்தான் துரை போட்டான். அது மேல ஏறி நம்ம சனம் பழனிக்குப் போகலீங்களா?”

“சாமிகிட்டப் போறதுக்கு எதுல வேணாலும் போலாம்டா செங்கோடா. சாமி முன்னால நின்னு பாடறது வேற” என்றார் கவுண்டர்.

ஆனால் அவர் அன்றே முடிவு சொல்லிவிடவில்லை. அந்தப் பெட்டியில் இருப்பதைத் தன் காதால் கேட்கவேண்டும் என்றார். அதுவும் இதுவும் ஒன்றே என்றால் இந்த வருஷத்திலிருந்து முத்தாயம்மாள் பாடட்டும், குஞ்சம்மாள் முன்னே நிற்கவேண்டாம். வேறு என்றால் பழையபடி ஆடிக்கொள்ளலாம். எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை கவுண்டர், நங்கை, நான், மூன்று பேரும் பஸ்ஸில் சேலம் போனோம். நங்கை துணைக்குக் கூப்பிட்டதால் நானும் போனேன். படித்துக் கெடுத்தவள் நான்தானே என்ற உறுத்தலும் இருந்தது. கவுண்டர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முன் ஸீட்டில் உட்கார்ந்திருந்தார். பின்னால் நங்கை என் காதருகே சொன்னாள்.

“அதேதாம்புள்ள. ஒண்ணும் மாத்தல. எனக்குத் தெரியும்.”

“அப்புறம் எதுக்கு வந்தே?”

“கேக்கோணும்னாரு. வரமாட்டேன்னு எப்படிச் சொல்றது.”

கெல்லி துரை சூரமங்கலம் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் அதே ஓட்டு வீட்டில்தான் இருந்தார். தலை நரைத்து, வேலை முடியும் வயதில் இருந்தார். துரைசானி நங்கையைக் கண்டதும் வாசலுக்கே ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கால் எப்படி இருக்கிறது, செங்கோடன் எப்படி இருக்கிறான் என்று உடைந்த தமிழில் கேட்டாள். கவுண்டருக்கு நாற்காலி போட்டார்கள். அவர் விளிம்பில் உட்கார்ந்தார். நானும் நங்கையும் சுவர் ஓரமாக நின்றோம்.

நங்கை வந்த காரியத்தைச் சொன்னாள். துரை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் முகம் சிவந்தார். இங்கிலீஷ் என்று யார் எழுதியது என்றார். தங்கள் தேசம் அயர்லாந்து, இங்கிலீஷ்காரனுடன் சண்டை போட்டுத் தனியாகப் போன தேசம் என்றார். இதைக் கேட்டுக் கவுண்டர் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்தார்.

துரைசானி பெட்டியைத் திறந்து தட்டை எடுத்து வைத்தாள். கரிய தட்டு, நடுவில் சிவப்புத் தாள். துரையின் தம்பி அமெரிக்காவிலிருந்து கப்பலில் அனுப்பியது. அதில் ஒரு மனுஷன் பிடில் வாசித்தான். முதல் அடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதேதான். ஏரி மதகு திறந்ததடி, எட்டூருச் சனமும் நெறஞ்சதடி. எங்கள் கும்மி அந்தப் பெட்டிக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. கவுண்டருக்கும் தெரிந்துவிட்டது. முகம் இறுகியது. ஆனால் அவருடைய வலது கால் பெருவிரல் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

பிறகு அந்த இடம் வந்தது. பிடில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்ப வாசித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. என் பக்கத்தில் நின்ற நங்கை, தன்னை அறியாமல் இரண்டு எட்டு நடந்து போய், ஆட்காட்டி விரலால் ஊசிக் கையை மெல்லத் தள்ளினாள். மெட்டு மேலே ஓடியது.

ஒன்பது வருஷமாகக் கேட்காத கேள்விக்கு அங்கே பதில் கிடைத்தது. துரைசானி சிரித்துவிட்டாள். “குஞ்சு, நீ மறக்கல” என்றாள். ஐந்து வருஷமும் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வரும்போதெல்லாம் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஊசியைத் தள்ளுவது நங்கையின் வேலையாக இருந்திருக்கிறது. மூன்று தரம் சுற்றவிட்டுத் தள்ளினால்தான் ஊசி சரியாக அடுத்த வரிக்கு ஏறுமாம். ஒன்றிலோ இரண்டிலோ தள்ளினால் வழுக்கிவிடுமாம்.

கவுண்டர் நாற்காலியிலிருந்து எழுந்து பெட்டியிடம் போனார்.

“அது ஏனுங்க அங்க நிக்குது?”

தட்டில் கீறல் விழுந்திருக்கிறது, கப்பலில் வரும்போது விழுந்தது, ஊசி அங்கே மாட்டிக்கொள்கிறது என்று துரைசானி சொன்னாள். பாட்டில் அப்படி இல்லையா என்று கவுண்டர் கேட்டார். இல்லவே இல்லை என்று சொல்லி, துரை உள்ளே போய்த் தன் பிடிலையும் ஒரு பழைய புத்தகத்தையும் கொண்டுவந்தார். அந்தப் புத்தகத்தில் எழுத்துக்குப் பதிலாகக் கோடுகளின் மேல் புள்ளிகள் இருந்தன. விரல் மரத்துப் போயிருந்தது போலும், இரண்டு இடத்தில் தடுமாறினார். ஆனால் மெட்டு நிற்கவில்லை. தண்ணி என்று நாங்கள் நிற்கும் இடத்தில் அது திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிப்போயிற்று.

“இன்னொருக்கா வாசிக்கச் சொல்லுங்க” என்றார் கவுண்டர். இந்த முறை நங்கையையும் கூடவே பாடச் சொன்னார். துரை ஓட, நங்கை நிற்க, இருவரும் அந்த இடத்தில் மோதிக்கொண்டார்கள். துரை பிடிலை இறக்கிவிட்டுச் சிரித்தார்.

இந்த இடத்தில்தான் நங்கை அதைச் சொன்னாள். அவள் சொல்லவேண்டியதில்லை. கீறல் கப்பலில் விழுந்ததாக எல்லாரும் நம்பியிருந்தார்கள். கவுண்டரின் முகமும் இளகத் தொடங்கியிருந்தது. ஆனாலும் அவள் துரைசானியைப் பார்த்துச் சொன்னாள்:

“கப்பல்ல இல்லீங்கம்மா. அது நான் வுட்ட விரிசலு.”

வேலைக்குச் சேர்ந்த புதிதில், கப்பலில் வந்த தட்டை யாரும் போட்டுக் கேட்பதற்கு முன்பே, தூசி படிந்திருக்கிறதே என்று ஈரத் துணியால் துடைத்து, கழுவிய பாத்திரங்களோடு சேர்த்து முற்றத்து வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டாள். சித்திரை வெயில். திரும்பி வந்து பார்த்தால் தட்டு அப்பளம் போல வளைந்திருந்தது. பயந்துபோய், நிமிர்த்திவிடலாம் என்று அதன் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள். தட்டு நிமிர்ந்தது. விளிம்புக்கும் நடுவுக்கும் இடையே ஒரு சின்னக் கீறலும் விழுந்தது. துடைத்துப் பழையபடி உறைக்குள் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஊசி அங்கே மாட்டும்போதெல்லாம், இன்றைக்குத் தெரிந்துவிடும், இன்றைக்கு வேலை போய்விடும் என்று நினைத்துக்கொண்டே தள்ளியிருக்கிறாள்.

துரைசானி தட்டை எடுத்து அந்தக் கீறலைத் தடவிப் பார்த்தாள். பிறகு துரையிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருக்கு அம்மிக் குழவி என்றால் என்ன என்று தெரிந்திருந்தது.

கவுண்டர் சிரிக்கவில்லை. அவர் துரையிடம் கேட்டார், இந்த மெட்டை அவர்கள் ஊரில் யார் கட்டியது என்று. யாருக்கும் தெரியாது என்றார் துரை. புத்தகத்தைத் திறந்து காட்டினார். அதில் அச்சடித்திருந்த பெயர் ‘கல்லுப்பாலம்’ என்பது. தட்டின் சிவப்புத் தாளில் இருந்த பெயர் ‘வாத்தியார் கழுதை’. அவர் பிறந்த ஊரில் அதற்கு மூன்றாவதாக ஒரு பெயர். பெண்கள் முன்னால் சொல்லக்கூடியதல்ல என்று துரைசானி தடுத்துவிட்டாள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு இடத்தில் கொஞ்சம் வளைத்து வாசிப்பார்கள், அந்த வளைவைக் கேட்டே எந்த ஊர்க்காரன் என்று சொல்லிவிடலாம் என்றார் துரை.

“அப்பிடீங்களா” என்றார் கவுண்டர்.

கிளம்பும்போது துரை பென்சிலை எடுத்து, புத்தகத்தில் கல்லுப்பாலத்துக்குக் கீழே, எங்கள் கும்மி நிற்கும் இடத்தில் ஏதோ குறி போட்டு, ஓரத்தில் இங்கிலீஷில் எழுதினார். என்ன எழுதினார் என்று நங்கை கேட்டாள். வெண்ணந்தூர் என்று எழுதியிருப்பதாகத் துரைசானி சொன்னாள்.

பஸ்ஸில் கவுண்டர் எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்தார். மல்லூர் தாண்டும்வரை நங்கை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் கை மடியில் கிடந்தது. விரல் அசையவில்லை. ஒருவழியாக அவர் தொண்டையைச் செருமினார்.

“குஞ்சம்மா.”

“ஏனுங்க.”

“எட்டு வருசமா நான் அந்த நிக்கற எடத்துக்குத்தான் வந்து உக்காந்திருக்கறேன். மத்ததெல்லாம் எனக்குக் காதுல ஏறாது. அங்க பாத்தா அந்த எடமே இல்ல. அப்புறம் எப்படி ரெண்டும் ஒண்ணுன்னு நான் ஊருல சொல்றது?”

நங்கை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். தலையை ஆட்டினாள். அவர் மறுபடி சொன்னார்: “அம்மிக் கல்லு வெச்ச கதைய மட்டும் முத்தாயாகிட்டச் சொல்லாத சாமி. சாகற வரைக்கும் உட மாட்டா.”

சொல்லத்தான் செய்தாள். நங்கைக்கு மறைக்கத் தெரிந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்தே இருக்காது. கோயில் வாசலில் கவுண்டர் தன் தீர்ப்பைச் சொன்ன பிறகு, மெட்டு எங்கிருந்து வந்தது, கீறல் எப்படி விழுந்தது, விரல் எதற்கு நீட்டுகிறோம், எல்லாவற்றையும் பெண்களிடம் அவளே சொன்னாள். முத்தாயம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்த வருஷம் வட்டத்தில் முதல் ஆளாக நங்கைக்குப் பின்னால் வந்து நின்றவளும் அவள்தான். விரல் நீட்டும்போதெல்லாம், “தள்ளுடி ஊசிய” என்று அடிக்குரலில் சொல்லிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தடுமாறினார்கள்.

குழந்தைவேல் மறு பதிப்புப் போடுவதற்கு முன் கவுண்டர் அவருக்கு ஆள் அனுப்பினார். நாற்பத்தொன்றில் வந்த புத்தகத்தில் மெட்டின் பெயர் ‘வெண்ணந்தூர் மெட்டு’ என்று இருந்தது. சொற்கள் கட்டியது குஞ்சம்மாள் என்றும் போட்டிருந்தார்கள். அதையும் நான்தான் கோயில் வாசலில் படித்தேன். இந்த முறை முதலில் மனதுக்குள் ஒரு தரம் படித்துப் பார்த்துக்கொண்டு படித்தேன்.

புத்தகம் போன இடமெல்லாம் மெட்டும் போயிற்று. ராசிபுரத்துப் பக்கம் அதைத் தண்ணிக் கும்மி என்கிறார்கள். என் நாத்தனாரைக் கட்டிக்கொடுத்த ஆட்டையாம்பட்டியில் மூன்றுக்குப் பதில் ஐந்து தரம் நின்று கொட்டுகிறார்கள். அதுதான் சரி என்று அவள் என்னிடமே வாதாடினாள். நாமக்கல்லில் யாரோ அதற்கு ரயில் கும்மி என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கேள்வி. நங்கையிடம் சொன்னேன். “ஆடறாங்கல்ல” என்றாள்.

போன வருஷம் ஆவணியில் கெல்லி துரையும் துரைசானியும் தங்கள் தேசத்துக்குக் கப்பல் ஏறினார்கள். புத்தகத்தை எடுத்துப் போய்விட்டார்கள். தட்டை நங்கைக்குக் கொடுத்தனுப்பினார்கள். வெண்ணந்தூரில் ஒரு ஜவுளிக்காரர் வீட்டில் பெட்டி இருக்கிறது. கொண்டுபோய் வைத்துப் பார்த்தோம். கீறல் இப்போது அகன்றுவிட்டது. ஊசி அங்கே நிற்காமல் வெளியே விழுந்துவிடுகிறது.

இன்றைக்குத் தட்டு நங்கையின் தகரப் பெட்டியில் கூறைச் சேலைக்கு அடியில் இருக்கிறது. அது பாடுவதில்லை. இந்தப் பங்குனியில் கம்பத்தைச் சுற்றி நாற்பத்திரண்டு பேர் நின்றோம். நங்கைதான் முன்னே நின்று பாடினாள். மழை சுமார். ஏரியில் முழங்கால் அளவு தண்ணீர் இருக்கிறது.